பாலிக் புலாவில் எட்டாவது வீடு

சர்வே அலுவலகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவளுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே ரகம். பக்கத்து நிலத்துக்காரன் எல்லைக் கல்லை நகர்த்திவிட்டான், வந்து பார். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் சர்வே கற்களுக்குக் கால் உண்டு. மழைக்காலத்தில் ஒரு முழம் நடக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் மூன்று முழம் நடக்கும். அதனால் பினாங்கிலிருந்து பரிமளம் அக்கா போன் செய்தபோது இதுவும் ஏதோ வரப்புத் தகராறு என்றே நினைத்தேன்.

“வரப்பும் இல்ல ஒண்ணும் இல்ல சுந்தரி. நான் பொறந்த வீட்டக் காணோம். நீதான் நெலப்படம் படிக்கத் தெரிஞ்சவ. வந்து கண்டுபிடிச்சுக் குடு.”

பரிமளம் என் பெரியப்பாவின் ஒரே மகள். பெரியப்பா இளவயதில் கப்பலேறி, பினாங்குத் தீவின் பின்பக்கத்தில் பாலிக் புலாவ் என்ற இடத்தில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு மேலாளாக இருந்தவர். அக்காவுக்கு ஐந்து வயதிருக்கும்போது குடும்பம் ஜார்ஜ் டவுனுக்குக் குடிவந்துவிட்டது. கால்கள் வைத்த மரவீடு, கீழே கோழிகள், மேலே நாங்கள் என்று அவள் சொல்லாத நாளில்லை. புகைப்படம் கிடையாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

இப்போது அந்தச் சாலை மக்கள் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். சாலையின் ஆதி வீடுகள் எவை, அவற்றில் யார் இருந்தார்கள் என்று எழுதி முகப்பில் நடப்போகிறார்களாம். பழைய நில அளவைப் படங்களைத் தோண்டியெடுத்து ஏழு வீடுகளை முடிவு செய்துவிட்டார்கள். அக்கா போய் எட்டாவதாக எங்கள் வீட்டையும் சேருங்கள் என்று கேட்க, அப்படி ஒரு வீடு எந்தப் படத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் மகன் குமரன், “அம்மா, நீங்க எதையாச்சும் கனவு கண்டிருப்பீங்க லா,” என்று அந்த ஊர்ப் பேச்சின் வாலான ‘லா’வையும் ஒட்டிச் சிரித்துவிட்டான். அன்றிரவே எனக்குப் போன் வந்தது.

“பேரு பலகையில வர்றது அப்புறம்,” என்றாள் விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டதும். “என் மண்டைக்குள்ள இருக்கிறது நெசமா இல்லியான்னு எனக்குத் தெரியணும். அது பொய்யின்னா, அந்த வீட்டுல பாத்த எங்க அம்மா மொகத்தயும் நானே கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு பயமா இருக்கு.”

முதல் நாள் ஜார்ஜ் டவுனில் சாப்பிடுவதிலேயே கழிந்தது. கண்டார் சோறு என்று ஒரு தட்டை நீட்டினார்கள். மீன், கோழி, வெண்டைக்காய் மூன்றையும் வைத்து, நான்கு பாத்திரத்துக் குழம்பையும் அதன் தலையில் ஊற்றினார் கடைக்காரர். எங்கள் ஊரில் ஒருவர் சாம்பாரோடு மீன் குழம்பைக் கலந்து ஊற்றினால் பந்தியில் அடிதடி நடக்கும். இங்கே அதற்காகத்தான் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆரம்பித்து, விரலை நக்கி முடித்தேன். பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்காரர் தன் மனைவியிடம் மும்முரமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன ரகசியம் என்று அக்காவைக் கேட்டேன். “இந்த வருஷம் டுரியான் பழம் சரியில்லயாம். சாப்பிட்டுக்கிட்டே அடுத்த சாப்பாட்டப் பேசறாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்.”

மறுநாள் காலை அக்காவின் காரில் புறப்பட்டோம். இங்கே அதற்குப் பெயர் காடி. வயது குமரனுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான் இருக்கும். ஆயர் ஈத்தாம் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் அது பெருமூச்சு விட்டது. மூன்றாவது வளைவில் முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது.

“சூடாயிருச்சு. கொஞ்சம் நிப்பாட்டுவோம்,” என்றாள் அக்கா, ஏதோ டீக்கடையில் நிறுத்துவதுபோல. பின்னால் டுரியான் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி, போத்தலில் இருந்த தன் குடிதண்ணீர் முழுவதையும் ரேடியேட்டருக்குக் கொடுத்தார். கையோடு சீன மொழியில் ஒரு சொற்பொழிவும் தந்தார். “இந்தக் காடிய வித்துட்டு ஒரு நல்ல ஆடு வாங்கச் சொல்றாரு,” என்று அக்கா மொழிபெயர்த்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. எனக்குத்தான் வந்தது, அதுவும் லாரியின் வாசனை மேல். டுரியானைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல இன்றுவரை என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

மலையைத் தாண்டி இறங்கியதும் காற்றே மாறிவிட்டது. ஒரே ஒரு கார் போகும் அகலத்தில் சாலை. ஒருபக்கம் ஓடை, மறுபக்கம் தோட்டங்கள், நடுநடுவே கால்மேல் நிற்கும் மரவீடுகள். எங்கள் ஊரில் வீடு தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கே வீடுகள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

பலகை வேலையை முன்னின்று செய்பவர் சேகு ஹமீட். மலாயில் ஆசிரியரை சேகு என்பார்கள். ஓய்வு பெற்றும் அந்தச் சாலையே அவருக்கு இன்னும் வகுப்பறைதான். பரிமளத்தைப் பார்த்ததும் வீட்டுப்பாடம் முடிக்காத மாணவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனாலும் மேசையில் ஜாதிக்காய் ஜூஸும் பலகாரமும் முன்பே தயாராக இருந்தன. என் தொழிலைச் சொன்னதும் மனிதர் முகம் மலர்ந்தது. இரண்டு படங்களின் நகல்களை விரித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டி வந்து பார்த்தால் எங்கள் தாலுகா ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. நிலம் அளக்கும் அதே சங்கிலிக் கணக்கு, சங்கிலியின் கண்ணிக்கு அதே லிங்க் என்ற பெயர், அதே சாய்ந்த எழுத்து. நம்மை அளந்த வெள்ளைக்காரனே இவர்களையும் அளந்திருக்கிறான், அதே சங்கிலியை இழுத்துக்கொண்டு. மொழி தெரியாத இடத்தில் எனக்கு அந்தத் தாள்களில் எல்லாம் புரிந்தது.

ஒரு படம் வெள்ளைக்காரன் காலத்தின் நடுவில் அளந்தது. மற்றது நாடு சுதந்திரம் பெற்றுப் பல வருடங்கள் கழித்து அளந்தது. வீடுகளைச் சின்னக் கட்டங்களாகக் குறித்திருந்தார்கள். முதல் படத்தில் இருந்த, பட்டியலின் இரண்டாவது வீடு சேகுவின் தாத்தாவுடையது. அது எப்போதோ இடிந்து மறைந்துவிட்டது என்றார் சேகு. இரண்டாவது படத்தில் அந்த இடம் காலி. ஆனால் சாலை வளைவில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. அது பட்டியலில் ஆறாவது வீடு, இன்றும் நிற்கிறது. ஜாதிக்காய்த் தோட்டத்து நிலமோ இரண்டு படத்திலும் துடைத்து வைத்தது போல் வெறுமையாக இருந்தது.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. இரண்டாவது வீடும் ஆறாவது வீடும் ஒரே வடிவம். பெரிய கட்டம் ஒன்று, அதிலிருந்து கொஞ்சம் விலகி இடதுபுறமாகச் சின்னக் கட்டம் ஒன்று. பழைய படத்தைப் பார்த்துக் காப்பியடித்த சோம்பேறி வரைவாளர் என்று மனதுக்குள் திட்டினேன். அந்த ஜாதியை எனக்கு நன்றாகத் தெரியும்.

“தமிழர்கள் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில்தான் இருந்தார்கள். கால் வைத்த வீட்டில் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை,” என்றார் சேகு. அக்கா அதை எனக்கு மொழிபெயர்க்கும்போது குரல் கம்மியது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கொஞ்சம் பொறு அக்கா, பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருட உத்தியோகம் வாயைத் திறந்தது. “படத்துல இல்லேன்னா வீடு இல்லக்கா. ரெண்டு தடவ அளந்திருக்கான். ரெண்டு தடவயுமா விட்டுட்டுப் போவான்?”

அதன்பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. சந்தையருகே லக்சா வாங்கிக் கொடுத்தாள். புளி தூக்கலான மீன் சாற்றில் தடித்த நூடுல்ஸ், மேலே புதினா. நம் ஊர் மீன் குழம்பின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மலை ஏறி இறங்கி வீடு திரும்பும்வரை காடியும் ஒரு முனகல் இல்லாமல் ஒழுங்காக ஓடியது. யாராவது சத்தம் போட்டால் தேவலை என்று இருந்தது.

மூன்றாம் நாள் காலை, நான் எழுவதற்கு முன்பே அவள் புடவை கட்டித் தயாராக இருந்தாள்.

“வா. படத்த மறந்துட்டு வா,” என்றாள். அவ்வளவுதான்.

தோட்டத்தில் இப்போது ஜாதிக்காய் மரங்கள் பாதி, டுரியான் பாதி. அக்கா யாரையும் வழி கேட்காமல் ஓடைச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தாள். ஓரிடத்தில் நின்று, “இங்கதான். ஓடைச் சத்தம் இந்தக் காதுல கேக்கும், சமையக்கட்டுச் சத்தம் அந்தக் காதுல கேக்கும்,” என்றாள். அங்கே புல்லும் சருகும் தவிர ஒன்றும் இல்லை. நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று ஓரடி வைத்தபோது கட்டைவிரல் கல்லில் மோதியது.

வலியில் ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன், அதை இங்கே எழுதுவதற்கில்லை. குனிந்து சருகை விலக்கினால் கருங்கல். மேலே தட்டையாக, நடுவில் தூண் உட்காரச் சதுரமாகக் குழித்திருந்தது. மரவீட்டின் காலைத் தாங்கும் கல். பக்கத்தில் இன்னொன்று, அதற்கு நேராக இன்னொன்று. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன். ஓய்வு பெற்றாலும் அது பையை விட்டுப் போகவில்லை. இரண்டு பேரும் முட்டி போட்டு, கிழவிகள் என்பதை மறந்து, சருகைத் தள்ளித் தள்ளி அளந்தோம். பெரிய சதுரமாக ஒரு வரிசைக் கற்கள். கொஞ்சம் விலகி, இடதுபுறமாகச் சின்னதாக இன்னொரு வரிசை.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நேற்று நான் திட்டிய வடிவம் மூன்றாவது முறையாக என் முன்னால் மண்ணில் கிடந்தது.

“அக்கா, வீடு இருந்திருக்கு,” என்றேன். “நான் சொன்னது தப்பு.”

அக்கா கல்லின் குழியில் இருந்த மண்ணை விரலால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். “அது எனக்குத் தெரியும் லா,” என்றாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. பிறகு உடனே, “அப்ப வீடு எங்க?” என்று கேட்டாள்.

எனக்கு ஒரு யோசனை ஓடியது. ஒரே தச்சர் இந்தச் சாலையில் ஒரே அச்சில் மூன்று வீடு கட்டியிருக்க வேண்டும். இரண்டு போய்விட்டன, ஆறாவது வீடு நிற்கிறது. அதன் கால்களை அளந்து, கணக்கு ஒத்துப்போனால், பெரியப்பா வீடு எப்படி இருந்தது என்று அக்காவுக்குக் காட்டலாம். சேகுவிடமும் வாதாடலாம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வளைவை நோக்கி நடந்தேன்.

ஆறாவது வீட்டில் ஆள் அரவம் இல்லை. அக்கா சலாம் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டிருக்க, நான் பொறுமையில்லாமல் வீட்டுக்கு அடியில் புகுந்து டேப்பை இழுத்தேன். கோழிகள் சிதறி ஓடின. முதல் இடைவெளி அப்படியே ஒத்தது. இரண்டாவதும் ஒத்தது. தலைக்கு மேல் பலகை இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

“என்ன தேடறீங்கன்னு கேக்கறாங்க,” என்றாள் அக்கா வெளியிலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்த வீட்டுக்காரர் காக் ரொஹானி. காக் என்றால் அக்கா. அறுபதைத் தொட்டிருக்கும், தலையில் பூப்போட்ட துணி, கையில் கரண்டி. தோட்டத்தில் இருந்த வீட்டையும் இந்த வீட்டையும் கட்டியது ஒரே தச்சரா என்று கேட்கச் சொன்னேன். அக்கா கேட்டாள். ரொஹானி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி ஒரு வரி சொன்னார்.

அக்கா மொழிபெயர்க்கவில்லை. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா சொல்றாங்க?”

“அந்த வீடுதான் இதுங்கறாங்க.”

அப்புறம்தான் எல்லாம் வந்தது. ஆணி இல்லாமல் மரத்தோடு மரம் கோத்த வீடு, மண்ணில் புதையாமல் கல்மேல் சும்மா நிற்கிற வீடு. இடம் மாற வேண்டுமானால் பிரிப்பது கூட இல்லை. கால்களோடு குறுக்கும் நெடுக்கும் மூங்கிலைக் கட்டி, சாலையில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் அடியில் நுழைந்து தோள் கொடுப்பார்கள். ஒருவர் முன்னால் நின்று ராகம் போட்டுக் குரல் கொடுப்பார். வீடு எழுந்து போகும். பெரியப்பா டவுனுக்குக் கிளம்பும்போது ரொஹானியின் மாமனார் இதை வாங்கி, இப்படித்தான் கொண்டுவந்தாராம். “சொவத்துல மாட்டின கடியாரத்தக்கூட எறக்கலயாம். இவங்க மாமியார் சொல்லுவாங்களாம்,” என்று அக்கா மொழிபெயர்த்தாள்.

எங்கள் ஊரில் வீடு நிற்கும், கல் நகரும். இங்கே கல் நின்றுவிட்டது, வீடு போய்விட்டது. இரண்டு அளவைக்கு நடுவில் வந்து, நடுவிலேயே போன வீட்டை எந்த வரைவாளர் வரைவார்? பாவம், அந்தச் சோம்பேறியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

“அன்னிக்கு எல்லாருக்கும் சோறு போட்டாங்க,” என்றாள் அக்கா திடீரென்று. “அண்டா அண்டாவா. நான் யாருக்கோ கல்யாணம்னு நெனச்சேன். அதுவா இது?” அதை மலாயிலும் சொன்னாள். ஆமாம், பெண்கள் சமைப்பார்கள், அதுதான் வழக்கம் என்று ரொஹானி தலையாட்டினார்.

உள்ளே அழைத்துப் போனார். அக்கா வாசற்படியை மிதிக்காமல் தாண்டினாள். கூடத்தில் டிவி, சோபா, பேரப்பிள்ளைகளின் பள்ளிப் படங்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கிழக்கு மூலைக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள். வெளிர்பச்சை சாயம் அடித்த மேற்பலகையில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு கசிந்திருந்தது.

“ஒவ்வொரு பெருநாளுக்கும் சாயம் அடிக்கறோம். அந்தக் கறுப்பு மறுபடி மறுபடி வருது. ஏன்னே தெரியலங்கறாங்க,” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், “வெளக்கு சுந்தரி. அம்மா வெச்ச வெளக்கு. இந்த மூலையிலதான் சாமி,” என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். ரொஹானிக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் கரண்டியை வைத்துவிட்டு வந்து அக்காவின் முதுகில் கை வைத்தார்.

சேகுவுக்குப் போன் போனது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் செருப்பைக் கழற்றாமலே கீழே நின்று கேட்டார். அக்கா சொன்னதை நம்பவில்லை. நான் டேப்பைக் காட்டினேன். அதையும் நம்பவில்லை. ரொஹானி சொன்னபோதுதான் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“நான் இந்த வீட்டைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்? ஏன் சொல்லவில்லை?”

“வயசு எவ்வளவுன்னுதான் கேட்டீங்க சேகு. மாமனாரவிட மூத்ததுன்னு சொன்னேன். எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கலியே,” என்றார் ரொஹானி. “ரெண்டு தடவ தூக்கின வீடு இது. இந்தியாக்காரர்கிட்டேருந்து நாங்க வாங்கினோம். அவரு ஒங்க தாத்தாகிட்டேருந்து வாங்கினாரு.”

அக்கா இதை மொழிபெயர்த்து முடித்தாள். நான் விரலை விட்டு எண்ணினேன். பட்டியலின் இரண்டாவது வீடும் ஆறாவது வீடும், அக்கா சேர்க்கச் சொல்லி மல்லுக்கட்டிய எட்டாவது வீடும் ஒரே வீடு. இல்லை என்று சேகு அடித்துச் சொன்ன வீட்டைத்தான் தன் தாத்தா பெயரில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் மெதுவாக வீட்டுக்கு அடியில் போனார். நடுத்தூணைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து, பரிமளத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“இந்த வீட்டில் எந்த இடத்தில் பிறந்தீர்கள்?”

“சமையக்கட்ட ஒட்டின ரூமு. சின்ன சன்னல் இருக்கும். அம்மா அதத்தான் சொல்லுவாங்க,” என்றாள் அக்கா, தமிழிலும் பிறகு மலாயிலும்.

சேகு தலையை அசைத்தார். மலாயில் ஒரு வரி சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

“சேகுவோட அப்பாவும் அந்த ரூமுலதான் பொறந்தாராம்.”

சேகு இன்னும் படிக்குக் கீழேயேதான் நின்றிருந்தார். மேலே வரத் தயங்கினார். ரொஹானி கூப்பிட வாய் எடுப்பதற்குள், அக்கா அந்த வாசலில் நின்றுகொண்டு, தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

“ஏன் அங்கேயே நிக்கறீங்க சேகு? உள்ள வாங்க.”